செவ்வாய்க்கிழமைத் தபால்

அந்தக் கல்லூரியின் மனநல ஆலோசனை மையத்தில் முன்மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அதைப் பார்க்க முடியாது. மேசைக்கு மேலே 'விசாரணை' என்று ஒரு பலகை தொங்கியது. பிள்ளைகள் பலகையைப் பார்த்து அவளையே விசாரணை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் முதல்வர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. பொருந்தாத பெயராக இருந்தால்தானே கோபம் வரும்.

அக்காவுக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும். பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரி போனில் சண்டை போட்டால், முடிவு தெரியாமல் இவள் இறங்க மாட்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்து வருவாள். எதிர்வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன கொண்டு வந்தார்கள், போகும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரர்களைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுபோய், எதையுமே கேட்கக்கூடாத ஒரு மேசையில் உட்கார வைத்தார்களே, அந்தப் புண்ணியவான் யார் என்பது மட்டும் அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

மையத்தில் பெயர் கிடையாது, எண்தான். மாணவர்கள் கணினியில் பதிவு செய்தால் ஓர் எண் வரும். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் ஆலோசகரின் அறையில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். வருகிறவர்கள் மேசைமேல் இருக்கும் வருகைத் தாளில் தங்கள் எண்ணையும் வந்த நேரத்தையும் தங்கள் கையாலேயே எழுதிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். உள்ளே கூப்பிடும்போது கதவைத் திறந்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, வராதவர்களின் எண்ணுக்குக் கணினி வழியாகச் செய்தி அனுப்புவது, இவ்வளவுதான் அக்காவின் வேலை. "என்னப்பா, ஒரு மாதிரி இருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

"இங்க உங்க வேலையே கேக்காம இருக்கறதுதான். அது ஒண்ணும் சுலபம் இல்ல," என்று ஆலோசகர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒல்லியாக, எதற்கும் அவசரப்படாத பெண்மணி. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவர், ஆனாலும் அக்கா அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். நான்கு வருஷமாக வாயைக் கட்டிப்போட்டு அந்த வேலையைச் செய்துவந்தாள். வாயைத்தான் கட்டினாள், கண்ணைக் கட்ட யாரால் முடியும்?

அப்போதுதான் 277 வந்தது. வந்தது என்பது தப்பு, வராமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு 277 என்று திரையில் இருந்தது. மூன்றே கால் ஆகியும் யாரும் வரவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. முதல் தடவை பாதிப் பேர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது வழக்கம்தான். அக்கா தன் குறிப்பேட்டில் 277 என்று எழுதி, வழக்கம்போல இரண்டு ஏழுகளின் இடுப்பிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டாள். பிறகு அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். 'இன்று உங்களைச் சந்திக்க இயலவில்லை. அடுத்த வாரம் இதே நேரம் உங்களுக்காக இருக்கிறது.' இது மையம் எழுதிக் கொடுத்த வாசகம். இதற்குக் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்தாள்: 'பயப்பட வேண்டாம். வாசலிலேயே நான் இருப்பேன்.'

இப்படிச் சேர்ப்பதற்கு அவளுக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் இயந்திரம் அடித்த செய்தி மாதிரி இருந்தால் எந்தப் பிள்ளைக்கு வர மனசு வரும் என்பது அவள் கட்சி.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'நன்றி. முயற்சி செய்கிறேன்.'

அடுத்த செவ்வாயும் ஆள் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒன்று நடந்தது. மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. வளைவு வரைக்கும் வந்து நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அக்கா எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் வராந்தா காலி. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு தூரம் வந்த ஆள், இன்னும் பத்தடி நடக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம்?

அன்றைய செய்தியில் இன்னும் ஒரு வரி கூடியது. 'என் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வேன்.' இதற்குப் பதிலே வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இதை மகளிடம் சொன்னாள். ஒரே மகள், அதே கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அதனால் அக்காவுக்குப் பேச்சுத்துணை மகள்தான். முன்பெல்லாம் இருவரும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும். இந்தப் பருவத்தில் மகளுக்குப் படிப்பு அதிகம் போல, 'ம்' என்பதைத் தாண்டி வார்த்தை வருவதில்லை. பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று அக்கா நினைத்திருந்தாள்.

"பேர் சொல்லல, ஊர் சொல்லல, நம்பரைத்தானே சொல்றேன். அதுல தப்பில்ல," என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தாள். "வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது ஒரு நம்பர். பொண்ணா பையனான்னுகூடத் தெரியல. எனக்குத் தூக்கமே வரல போ."

எதிரில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தொடர்ந்து மூணு தடவை வரலைன்னா நம்பரை அடிச்சிடணும். பத்தொம்பது பேர் காத்திருக்காங்க. அப்புறம் மறுபடி வரணும்னா வரிசையோட கடைசி. ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா?"

"ஆமா. பாவம், அதுவரைக்கும் அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

மகள் எழுந்து கை கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்குகிறாளே என்று அக்கா ஒரு சத்தம் போட்டாள்.

மூன்றாவது செவ்வாய், எண்ணை அடித்துவிடும் நாள். அன்று பார்த்துக் கடைவாய்ப்பல் அக்காவைப் படுத்தி எடுத்துவிட்டது. முதல் நாள் இரவே கன்னம் இட்லிப்பானை மாதிரி வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் விடுப்புச் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதும் மூன்று மணி ஆயிற்றா என்று டாக்டரிடம் சைகையில் கேட்டாள். டாக்டர் வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார்.

மறுநாள் மையத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான். "மேடம், 277?"

"வந்தாங்க. ஒரு மணி நேரம் முழுசா இருந்தாங்க," என்றார் ஆலோசகர்.

அக்காவுக்கு சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இரண்டு வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவள் இவள். இவள் இல்லாத அன்றைக்குத்தான் வரவேண்டுமா?

ஆலோசகர் அறைக்குள் போகத் திரும்பியவர், நின்று, "அடுத்த செவ்வாயும் பல்லுக்குப் போகணுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். ஒரே தடவைல புடுங்கி எறிஞ்சாச்சு."

"அப்படியா," என்றார் அவர். நல்ல செய்தி கேட்டவர் குரலாக அது இல்லை. ஒரு பல்லுக்கு இவர் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கு அக்கா தடபுடல் பண்ணினாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள், புது டிஷ்யூ டப்பாவைப் பிரித்து வைத்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட ஒத்திகை பார்த்தாள். 277 வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மறுபடி தொடர்ச்சியாக இரண்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இல்லாத அன்றைக்கு வந்த ஆள், தான் இருக்கும்போது மட்டும் வரவில்லை. அப்படியானால் தன்னைத் தெரிந்த யாரோ. தன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நினைக்கிற யாரோ. அக்கா பட்டியல் போட ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பையன் வேறு கல்லூரி. நூலகரின் தங்கச்சி போன வருஷமே முடித்துவிட்டாள். முதல்வரின் மகனாக இருக்குமோ? அவன் சாயலில் ஒரு பையனை உணவகத்தில் பார்த்துப் பின்னாலேயே போய், அவன் திரும்பி முறைத்ததும் ஸ்பூன் எடுக்க வந்ததுபோல் சமாளித்தாள். தெரிந்த பிள்ளைகளின் முகத்தையெல்லாம் நான்கு நாள் துருவித் துருவிப் பார்த்தாள். வீட்டிலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாதக் கணக்கெடுப்பு. இத்தனை பேர் பதிவு செய்தார்கள், இத்தனை பேர் வந்தார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எண்ணிக்கை அனுப்ப வேண்டும். அதற்காக ஆலோசகர் தன் இழுப்பறையிலிருந்த வருகைத் தாள்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினாள். பல் பிடுங்கிய நாளின் தாள் வந்தது. அன்றைக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவது வரியில் மூன்று மணி இரண்டு நிமிஷம், 277.

அது அவள் கையெழுத்து.

இதை நான் எப்போது எழுதினேன் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு ஏழுக்கும் இடுப்பில் அதே சின்னக் கோடு. கோட்டின் இடது முனை கொஞ்சம் கீழே இறங்கி, வலது முனை மேலே ஏறி, அச்சு அசல். முன்கூட்டியே எழுதி வைத்தோமா? அன்றைக்கு நாம்தான் இங்கே இல்லையே. பல் போன இடத்தை நாக்கு தானாகத் தடவிப் பார்த்தது.

அந்தக் கோட்டை அவள் பழகியது கல்யாணத்துக்கு முன்னால், பார்சல் கிடங்கில் வேலை பார்த்தபோது. ஏழும் ஒன்றும் குழம்பி ஒரு பெட்டி வேறெங்கோ போய்விட்டதிலிருந்து ஏழுக்குக் கோடு போடாமல் அவளால் எழுத முடியாது. அதற்கப்புறம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில், மகள் எழுதிய ஏழை ஒன்று என்று நினைத்து டீச்சர் தப்புப் போட்டுவிட்டார். அழுதுகொண்டு வந்த பிள்ளையை மடியில் உட்காரவைத்து, "இடுப்புல ஒரு கோடு போட்டுடு, அப்புறம் யாரும் ஏமாற மாட்டாங்க," என்று கையைப் பிடித்து எழுதிக்காட்டியவள் இவள்தான்.

அக்கா தாளைக் கீழே வைத்தாள். தான் அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாசலிலேயே நான் இருப்பேன். என் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வேன். வராதே, வராதே என்று இதைவிடத் தெளிவாக எப்படி எழுத முடியும்? சாப்பாட்டுத் தட்டின்மேல் குனிந்திருந்த அந்தத் தலையிடமே அந்தத் தலையின் கதையைச் சொல்லி ஆச்சரியப்பட்டிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது.

ஏனென்றால் பதிவு செய்கிறவர்கள் நிரப்புகிற படிவம் அவளுக்கு மனப்பாடம். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஆரம்பித்து, கடைசியில் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்கும். 277 அதற்கு என்ன எழுதியிருக்கிறது? அந்தப் படிவத்தின் அச்சுப் பிரதி ஆறடி தூரத்தில், ஆலோசகர் அறையின் அலமாரிக்குள் இருந்தது. அலமாரியின் மாற்றுச் சாவி அவசரத்துக்கென்று அவள் கொத்திலேயே இருந்தது. இதைவிட என்ன அவசரம் வேண்டும்? பெற்றவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

எழுந்து போனாள். சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தும் விட்டாள்.

நல்ல எண்ணம் எதுவும் அவளைத் தடுக்கவில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்திருந்ததுதான் தடுத்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அரை மணி நேரம் இவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மூடிக்கொண்டாலும் மூஞ்சி சொல்லிவிடும். மகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் இந்த வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்க மாட்டாள். சாவியை வெளியே எடுத்தாள்.

ஆலோசகர் திரும்பி வந்தபோது அக்கா அவர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். கொத்திலிருந்து கழற்றிய ஒற்றைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

ஆலோசகர் சாவியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் அக்கா. "ஒரே ஒரு சந்தேகம். பொதுவாத்தான் கேக்கறேன். இங்க வர்ற ஒரு பிள்ளையோட உசுருக்கு ஆபத்துன்னு உங்களுக்குப் பட்டா, வீட்டுல சொல்லுவீங்கல்ல?"

"அன்னிக்கே சொல்லுவேன். அது என் கடமை, எந்த வீடா இருந்தாலும்." பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "பொதுவாத்தான் நானும் சொல்றேன். இந்த மாசம் நான் எந்த வீட்டுக்கும் போன் பண்ணல."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆலோசகர் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். நான்கு வருஷமாக அந்த டப்பாவை அடுக்கி வைப்பவள் அவள். அதிலிருந்து ஒன்றை உருவியது அன்றுதான்.

"செவ்வாய்க்கிழமை மூணுலேருந்து நாலு வரைக்கும் நான் மேசைல இருக்க மாட்டேன்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மெயின் ஆபீசுக்குப் போய்த் தபால் எடுத்துட்டு வரணும்."

"தபால் காலைலயே வந்துடுதே."

"இனிமே செவ்வாய்க்கிழமை மட்டும் சாயங்காலமும் வரும்."

ஆலோசகர் முதல் தடவையாகச் சிரித்தார். "சரி. பையை மறக்காம எடுத்துட்டுப் போங்க."

அன்றே 277-க்குச் செய்தி போனது. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி. 'செவ்வாய் மூன்று முதல் நான்கு வரை முன்மேசைப் பணியாளர் தபால் எடுக்கப் போய்விடுவார். கதவு திறந்திருக்கும், நேராக உள்ளே போகலாம்.' சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. பதில் வரவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வீட்டில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள், இவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் மத்தியானம் வரை போர்வைக்குள்ளேயே கிடந்தாள். இவள் கதவு வரை போய்விட்டு வந்தாள். இத்தனை நாளும் இதெல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஊரான் முகத்தை எல்லாம் படித்தவளுக்கு இது மட்டும் பரீட்சைச் சோம்பலாகத் தெரிந்திருக்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வராந்தா வளைவு வழியாகப் போகாமல் பின்படிக்கட்டு வழியாக இறங்கினாள். தபால் அறையில் இருந்த பெரியவர், "இப்ப என்னம்மா தபால்?" என்று கேட்டார். "இருக்கட்டுமே, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்," என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மையத்தின் வாசல் தெரியும். அவளுக்கு நன்றாகத் தெரியும் அது தெரியுமென்று. கழுத்து வலிக்கும் அளவுக்குத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் வராவிட்டால் மூன்று. அடித்தாக வேண்டும், தன் கையால்.

நாலே கால் மணிக்குத் திரும்பினாள். முன்மேசையில் வருகைத் தாள் கிடந்தது. அதைப் பார்க்காமல் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கோப்பைத் தூக்கி வைத்தாள். அப்போது ஆலோசகர் அறையிலிருந்து வெளியே வந்து, தண்ணீர் பிடித்தபடியே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "காத்திருக்கற லிஸ்ட்லேருந்து யாரையும் கூப்பிட வேணாம். செவ்வாய் மூணு மணிக்கு ஆள் இருக்கு."

"சரிங்க மேடம்," என்றாள் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மகள் வந்திருந்தாள். ஏன் இவ்வளவு சீக்கிரம், கண் ஏன் சிவந்திருக்கிறது, மதியம் என்ன சாப்பிட்டாய், இப்படி ஒரு டஜன் கேள்விகள் தொண்டைவரை வந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, பீன்ஸையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். தானாகவே இன்னொரு கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல?"

"கேக்கல."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

இரண்டு பேரும் நறுக்கினார்கள். மகள் நறுக்கியது கோணல்மாணலாக இருந்தது. அதையும் அக்கா சொல்லவில்லை. கிண்ணம் பாதி நிறைந்தபோது, மகள் தலையை நிமிர்த்தாமல் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிஜமாவே தபால் வருதா?"

கத்தி நின்றது. அந்தத் தபாலைப் பற்றி 277-ஐத் தவிர வேறு எந்த மாணவருக்கும் அவள் எழுதியிருக்கவில்லை. அது மகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"வருது," என்றாள் அக்கா. "எத்தனை வாரம் வேணுமோ, அத்தனை வாரம் வரும்."

மகள் தலையை ஆட்டினாள். பிறகு கையை நீட்டி, அம்மாவின் முன்னால் இருந்த பீன்ஸில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.